எமிகிரேஷன், இமிகிரேஷன்: ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது?

வெளிநாட்டுப் பயணம் என்று பேச்சு வந்தாலே நம் வீடுகளில் சில சொற்கள் தானாக வந்து விழும். பாஸ்போர்ட், விசா, மெடிக்கல், டிக்கெட், இமிகிரேஷன். முதல் நான்கிலும் யாருக்கும் குழப்பம் இல்லை. ஐந்தாவது சொல்லில்தான் சிக்கல். "இமிகிரேஷன் எல்லாம் கிளியரா?" என்று ஒருவர் கேட்டால், அவர் விமான நிலையத்துக் கவுண்டரைப் பற்றிக் கேட்கிறாரா, புறப்படும் முன் நம் அரசிடம் வாங்க வேண்டிய அனுமதியைப் பற்றிக் கேட்கிறாரா என்பது பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை. கேட்பவருக்கும் தெரியாது, பதில் சொல்பவருக்கும் தெரியாது.

காரணம், ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று எமிகிரேஷன். மற்றொன்று இமிகிரேஷன். நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பள்ளிக்கூடத் தேர்வில் இவற்றை மாற்றி எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். வேலைக்காக வளைகுடா செல்பவர் மாற்றிப் புரிந்துகொண்டால் சம்பளமும் காப்பீடும் சட்டப் பாதுகாப்பும் போகலாம். ஆகவே இந்த இரண்டு சொற்களையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

இரண்டு சொற்களும் லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. இடம் பெயர்வதைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல்தான் இரண்டிலும் இருக்கிறது. முன்னால் ஒட்டியிருக்கும் பகுதி மட்டுமே வேறு.

'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எமிகிரேஷனில், 'வெளியே' என்று பொருள்படும் முன்னொட்டு இருக்கிறது. ஒரு நாட்டை விட்டு வெளியே செல்வது எமிகிரேஷன். அப்படிச் செல்பவர் எமிகிரன்ட்.

'ஐ' என்ற எழுத்தில் தொடங்கும் இமிகிரேஷனில், 'உள்ளே' என்று பொருள்படும் முன்னொட்டு இருக்கிறது. ஒரு நாட்டுக்குள் வருவது இமிகிரேஷன். அப்படி வருபவர் இமிகிரன்ட். அந்த முன்னொட்டு வேர்ச்சொல்லோடு சேரும்போது 'எம்' எழுத்து இரட்டிப்பதால்தான் இமிகிரேஷனில் இரண்டு 'எம்' வருகிறது. எமிகிரேஷனில் ஒன்றே ஒன்று.

நினைவில் வைக்க எளிய வழி உண்டு. எக்ஸ்போர்ட் என்றால் ஏற்றுமதி, இம்போர்ட் என்றால் இறக்குமதி. சரக்குக்கு எக்ஸ்போர்ட் எப்படியோ, மனிதருக்கு எமிகிரேஷன் அப்படி. சரக்குக்கு இம்போர்ட் எப்படியோ, மனிதருக்கு இமிகிரேஷன் அப்படி. சவூதியில் இருந்தவர்களுக்கு 'எக்ஸிட்' என்ற சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எக்ஸிட்டின் முதல் எழுத்துதான் எமிகிரேஷனின் முதல் எழுத்தும்.

ஒரே மனிதர் ஒரே பயணத்தில் இரண்டாகவும் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கனடாவில் போய்க் குடியேறும் ஒருவர், இந்தியாவின் பார்வையில் எமிகிரன்ட். கனடாவின் பார்வையில் இமிகிரன்ட். வழியனுப்பும் நாடு ஒரு பெயர் வைக்கிறது, வரவேற்கும் நாடு இன்னொரு பெயர் வைக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது 'இந்தியாவிலிருந்து' என்பதோடு எமிகிரேஷன் சேரும், 'கனடாவுக்கு' என்பதோடு இமிகிரேஷன் சேரும்.

தமிழில் ஏன் குழப்பம்?

இலங்கைத் தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே அரசுத் துறையின் பெயரிலேயே 'குடிவரவு, குடியகல்வு' என்று இரண்டு சொற்களும் இருக்கின்றன. குடி வருவது குடிவரவு, அதாவது இமிகிரேஷன். குடி அகல்வது குடியகல்வு, அதாவது எமிகிரேஷன். சொல்லைக் கேட்டவுடனே திசை தெரிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் இரண்டுக்கும் 'குடியேற்றம்' என்று எழுதிவிடுகிறோம். அதைவிடப் பெரிய குழப்பம், செய்திகளில் விமான நிலைய இமிகிரேஷன் அதிகாரிகளைக் 'குடியுரிமை அதிகாரிகள்' என்று எழுதும் வழக்கம். குடியுரிமை என்பது சிட்டிசன்ஷிப். ஒருவர் எந்த நாட்டின் குடிமகன் என்ற உரிமை அது. விமான நிலையக் கவுண்டரில் இருப்பவர் நம் பாஸ்போர்ட்டையும் விசாவையும் சரிபார்க்கிறார். யாருக்கும் குடியுரிமை தருவதோ பறிப்பதோ அவர் வேலை இல்லை. கனடாவில் இந்த விவகாரங்களைக் கவனிக்கும் துறையின் பெயரில் குடிவரவு, அகதிகள், குடியுரிமை என மூன்றும் தனித்தனியாகவே இருக்கின்றன. மூன்றும் வேறு வேறு என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

இந்தியாவில் இரண்டு சட்டங்கள், இரண்டு அமைச்சகங்கள்

நம் நாட்டில் இந்த இரண்டு சொற்களுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டவர் இந்தியாவுக்குள் வருவதையும் தங்குவதையும் கவனிப்பது 2025ஆம் ஆண்டின் இமிகிரேஷன் மற்றும் வெளிநாட்டவர் சட்டம். இது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. விமான நிலையத்தில் நம் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் பீரோ ஆஃப் இமிகிரேஷனும் இதே அமைச்சகத்தைச் சேர்ந்தது.

இந்தியர்கள் வேலைக்காக வெளியே செல்வதைக் கவனிப்பது 1983ஆம் ஆண்டின் எமிகிரேஷன் சட்டம். இது 1922ஆம் ஆண்டின் பழைய எமிகிரேஷன் சட்டத்துக்குப் பதிலாக வந்தது. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் செயல்படும் 'ப்ரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்', அதாவது குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி, இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறார். சென்னையிலும் அவருடைய அலுவலகம் இருக்கிறது. அந்தப் பதவியின் பெயரில் 'பாதுகாவலர்' என்ற பொருள் இருப்பதைக் கவனியுங்கள். வெளியே செல்லும் தொழிலாளி ஏமாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பதவியின் நோக்கம்.

இங்கே முக்கியமான ஒரு செய்தி உண்டு. அகராதியில் எமிகிரேஷன் என்றால் ஒரு நாட்டை விட்டு நிரந்தரமாகப் போய்விடுவது. ஆனால் 1983ஆம் ஆண்டின் சட்டம் வேறு விளக்கம் தருகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணத்தோடு இந்தியாவை விட்டுப் புறப்படுவதுதான் அந்தச் சட்டத்தில் எமிகிரேஷன். ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏஜென்ட் மூலம் போனாலும் தானே போனாலும் அது பொருந்தும். இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பும் நம் சபுராளிகளும் அந்தச் சட்டத்தின் பார்வையில் எமிகிரன்ட்தான். "நான் என்ன அங்கேயே குடியேறப் போகிறேனா, எனக்கு எதற்கு எமிகிரேஷன்?" என்று கேட்பது அகராதியை வைத்துச் சரியாக இருக்கலாம், சட்டத்தை வைத்துச் சரியல்ல.

இ.சி.ஆர். என்பது எது?

நம் கடற்கரை ஊர்களில் இ.சி.ஆர். என்றால் வாசலுக்கு அருகே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் இருக்கும் இ.சி.ஆர். வேறு. 'எமிகிரேஷன் செக் ரெக்வயர்டு' என்பதன் சுருக்கம் அது. இதில் வரும் 'ஈ' எமிகிரேஷனைக் குறிக்கிறது, இமிகிரேஷனை அல்ல. இந்தப் பாஸ்போர்ட் உள்ளவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதானால், புறப்படும் முன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும் என்பது இதன் பொருள்.

இந்தப் பட்டியலில் 18 நாடுகள் இருக்கின்றன. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளும், மலேசியாவும் அதில் உண்டு. சிங்கப்பூர் இல்லை.

பத்தாம் வகுப்புத் தேறியவர்கள், 50 வயதைக் கடந்தவர்கள், வருமான வரி செலுத்துபவர்கள், மூன்று ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் போன்றோருக்கு இந்த அனுமதி தேவையில்லை. முன்பெல்லாம் அவர்களுக்கு 'இ.சி.என்.ஆர்.' என்று தனியாக முத்திரை குத்துவார்கள். 2007ஆம் ஆண்டு முதல் அந்த முத்திரை கிடையாது. பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு இல்லை என்றாலே அனுமதி தேவையில்லை என்று பொருள்.

பத்தாம் வகுப்புத் தேறியும், விண்ணப்பிக்கும்போது சான்றிதழை இணைக்காததால் இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து அந்தக் குறிப்பை நீக்கிக்கொள்ளலாம். இது தெரியாமல் யாரிடமோ பணம் கொடுத்து "இமிகிரேஷன் செட்டிங்" செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

உம்ரா, ஹஜ், சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது போன்றவற்றுக்குச் செல்லும்போது இ.சி.ஆர். பாஸ்போர்ட் ஒரு தடையல்ல. வேலை எண்ணம் இல்லாத பயணம் சட்டப்படி எமிகிரேஷனே அல்ல என்பதால் அந்த அனுமதி தேவைப்படாது.

விசா இருந்தால் போதாதா?

சொற்களின் வேறுபாடு நம் சட்டைப்பையைத் தொடும் இடம் இதுதான். விசா என்பது போய்ச் சேரும் நாடு தரும் அனுமதி. அது இமிகிரேஷன் பக்கத்து விஷயம். எமிகிரேஷன் அனுமதி என்பது புறப்படும் நாடு தருவது. ஒன்று இருப்பதால் மற்றொன்று வந்துவிடாது.

"விசிட்டில் போங்கள், அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்" என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். உள்ளேயிருந்தபடியே விசாவை மாற்ற சில நாடுகள் வழி வைத்திருக்கலாம். அது அந்த நாட்டின் இமிகிரேஷன் விதி. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு வேலை எண்ணத்தில் விசிட் விசாவில் புறப்படுபவர், நம் நாட்டின் எமிகிரேஷன் விதியை மீறித்தான் புறப்படுகிறார். விமான நிலைய இமிகிரேஷன் கவுண்டரில் அதிகாரி சந்தேகப்பட்டு நிறுத்தினால் டிக்கெட் பணமும் போகும், ஏஜென்ட்டிடம் கொடுத்த பணமும் போகும்.

நிறுத்தாமல் விட்டுவிட்டால்? அதில்தான் பெரிய இழப்பு இருக்கிறது. எமிகிரேஷன் அனுமதியோடு செல்பவரின் பெயர், முதலாளி யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் ஆகியவை இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவாகின்றன. அங்கே போனபின் வேறு வேலை கொடுத்தாலும் சம்பளத்தைக் குறைத்தாலும் தூதரகத்தில் முறையிட அந்தப் பதிவு கையில் இருக்கும் சான்று. அனுமதி பெறும்போது 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடும் கட்டாயமாகச் சேர்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய் கட்டணம். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். விசிட் விசாவில் போய்க் கட்டட வேலையில் விழுந்தவரின் குடும்பத்துக்கு இந்தக் காப்பீடு இருக்காது. ஊரில் வசூல் செய்துதான் அந்தக் குடும்பத்துக்கு உதவ வேண்டிய நிலை வரும்.

புறப்படும் முன்

ஏஜென்ட்டிடம் "இமிகிரேஷன் ஆகிவிட்டதா?" என்று கேட்காதீர்கள். இமிகிரேஷன் புறப்படும் நாளில் விமான நிலையத்தில்தான் நடக்கும். அதை முன்கூட்டியே முடித்துத் தருவதாக யார் சொன்னாலும் சந்தேகப்பட வேண்டும். "எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்கியாயிற்றா? அதன் பிரதியைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். காப்பீட்டுப் பாலிசியின் பிரதியையும், வேலை ஒப்பந்தத்தின் பிரதியையும் சேர்த்துக் கேளுங்கள். எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு எமிகிரேஷன் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கும் ரசீது தர வேண்டும். லட்சக்கணக்கில் கேட்டு, ரசீதும் தராமல், விசிட் விசாவைக் கையில் கொடுப்பவரிடம் ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வீட்டில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகள் இருந்தால், பத்தாம் வகுப்புச் சான்றிதழை மறக்காமல் இணைக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பை முடிக்காமல் நிறுத்தியவர்கள் இருந்தால், தனித்தேர்வராக எழுதித் தேற ஊக்கப்படுத்துங்கள். அந்த ஒரு சான்றிதழ் பாஸ்போர்ட்டிலிருந்து மூன்று எழுத்துகளை நீக்கிவிடும்.

எமிகிரேஷன் நம் வாசலில் நடப்பது, இமிகிரேஷன் அடுத்தவர் வாசலில் நடப்பது. அடுத்தவர் வாசலில் கதவு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கிளம்பாமல், நம் வாசலில் சொல்லிக்கொண்டு கிளம்பினால், தடுமாறும் நேரத்தில் தேடி வர ஒருவர் இருப்பார்.