கொல்லையில் ஒரு நாற்றுக்குடில்

பசுமைக்குடில் என்றவுடன் உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீடே பலருடைய நினைவுக்கு வருகிறது. குளிர் மிகுந்த இடத்தில் வெப்பத்தை உள்ளே தேக்கி வைப்பதற்கு ஏற்பட்டது அது. அதே எண்ணத்தோடு சமவெளியில் பாலித்தீன் தாளால் நாற்புறமும் மூடி, சித்திரை வெயிலில் நாற்று விட்டவர்களை நாம் அறிவோம். நண்பகலில் உள்ளே நிற்கவும் இயலவில்லை. நாற்றுக்கள் வெந்து போயின. நமக்கு வேண்டுவது வெயிலைத் தணித்து, காற்றை விட்டு, பூச்சியைத் தடுக்கும் குடிலேயாகும்.

தக்காளியும் மிளகாயும் பயிரிடும் சிறு குடியானவருக்கு இது வீண் ஆடம்பரமன்று. நாற்றுப் பருவத்திலேயே வெள்ளை ஈ இலைச்சுருட்டை நோயைப் புகுத்திவிடுமானால், பிறகு எம்மருந்தாலும் அச்செடியைத் தேற்ற இயலாது. வீரிய ஒட்டு விதையின் விலையோ சிறிதன்று. கடன்பட்டு விதை வாங்கியவர் மறுபடியும் விதைப்பதற்குள் பருவமும் தவறிவிடுகிறது.

அரை ஏக்கர் தக்காளிக்கு வேண்டிய நாற்றை வளர்க்க 20 அடி நீளமும் 10 அடி அகலமும் போதும்; அஃது அரை சென்டுக்கும் குறைவே. கிணற்றுக்கு அருகில், மர நிழல் விழாத மேட்டு நிலமாகப் பார்க்க வேண்டும். பழைய மிளகாய்ச் செடிகள் நிற்கும் பாத்தியை ஒட்டி அமைத்தலாகாது. கால்களுக்குக் கல் மூங்கிலே சிறந்தது. வெட்டிய மூங்கிலை இரண்டு மூன்று வாரம் நீரில் ஊறவிட்டு உலர்த்தினால் உளுத்துப் போவது குறையும். புதையும் பகுதிக்குத் தார் பூசி, 2 அடி ஆழத்தில் நடுக. நடுவில் 8 அடியும் ஓரங்களில் 6 அடியும் உயரம் இருக்கட்டும். கணுக்களைச் செதுக்கி, முனைகளில் சாக்குத் துணி சுற்றாவிடில் ஆடிக் காற்றில் வலை கிழிவது உறுதி.

சட்டத்தின்மீது முதலில் 40 மெஷ் பூச்சித் தடுப்பு வலையைக் கூரையிலும் பக்கங்களிலும் இடைவெளியின்றி இழுத்துக் கட்டி, அடி விளிம்பை மண்ணில் புதைக்க வேண்டும். அதற்கு மேல், கூரைக்கு மட்டும், சுருட்டி எடுக்கத்தக்க 50 சதவீத நிழல்வலை. சிக்கனம் கருதி முதல் வலையை விட்டுவிடுவோர் பலர். நிழல்வலையின் கண்கள் வழியே வெள்ளை ஈ எளிதில் நுழைந்துவிடுமாதலால், அச்சிக்கனம் பயனற்றது. வாயிலுக்கு இரட்டைத் திரை அவசியம். ஐப்பசி மழையின்போது மட்டும் கூரைமேல் பாலித்தீன் தாளை விரித்து, மழை விட்டதும் எடுத்துவிடலாம்.

நடுவில் 2 அடி நடைபாதை விட்டாலும், 98 குழிகள் கொண்ட குழித்தட்டுக்கள் எண்பதைத் தாராளமாக அடுக்கலாம். 60 செ.மீ.க்கு 45 செ.மீ. இடைவெளியில் அரை ஏக்கருக்கு வேண்டிய 7,500 நாற்றுக்கள் இவற்றில் அடங்கும். குழிகளை மட்கிய தென்னை நார்க்கழிவால் நிரப்ப வேண்டும். மட்காத கழிவு வேரைக் கெடுக்கும். அதனுடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் நாற்றழுகல் குறையும். நீரைப் பூவாளியால் காலையில் தெளிப்பது நலம். அந்தியில் ஊற்றினால் இரவு முழுதும் ஈரம் நின்று அழுகலுக்கே இடமாகும்.

தக்காளி நாற்று 25 நாளிலும், மிளகாய் நாற்று 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு ஆயத்தமாகும். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நீரைக் குறைத்து, நிழல்வலையைச் சுருட்டி வைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்க வேண்டும். பூச்சி வலையை மட்டும் நடவு நாள்வரை அகற்றலாகாது.