பொட்டலச் சூப்பும் கால் கிலோ கொத்துக்கறியும்



சென்ற மழைக்காலத்தில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு அருகே, நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். கணவர் கட்டட வேலை. மனைவி துணிக்கடையில் நின்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். வந்த வேகத்தில் சூப்புப் பொட்டலம் ஒன்றை வெட்டி, தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, இரண்டு துண்டு ரொட்டியோடு மகளுக்குக் கொடுத்தார். "பாஸ்டர், இவளுக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. சூப்பு என்றால் குடித்துவிடுகிறாள். சத்துதானே?" என்று கேட்டார். பிள்ளைக்கு இரத்தம் குறைவாயிருக்கிறது என்று அந்த வாரம்தான் மருத்துவர் சொல்லியிருந்தார்.

அன்று அந்தச் சகோதரிக்குத் தெளிவான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீடு திரும்பும் வழியில் அதே பொட்டலம் ஒன்றை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்புறத்தை வாசித்தேன். எடையில் மிகுந்த பொருளிலிருந்து தொடங்கி, இறங்குவரிசையில் சேர்மானங்களை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முதலில் நின்றது சோளமாவு. சர்க்கரையும் உப்பும் அதற்கு அடுத்து வந்தன. உலர்ந்த காய்கறிக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்திருந்தது. உப்பின் முழு அளவை அறிய, சத்துப்பட்டியலில் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருப்பதை 2.5-ஆல் பெருக்க வேண்டும். வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதனினும் குறைவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பொட்டலச் சூப்பு பிறந்ததே இப்படிப்பட்ட தாய்மாருக்காகத்தான். சுவிட்சர்லாந்தில் ஆலை வேலைக்குச் சென்ற பெண்களுக்குச் சமைக்க நேரமில்லாமல் குடும்பங்கள் சத்துக் குறைந்த உணவை உண்டுவந்த காலத்தில், மாவாலை நடத்திவந்த ஜூலியஸ் மேகி என்பவர் 1886-இல் பட்டாணி, அவரை வகைகளின் மாவைக் கொண்டு உடனடிச் சூப்பைத் தயாரித்தார். 1983-இல் இந்தியாவுக்கு நூடுல்ஸாக வந்து சேர்ந்தது அவருடைய பெயர்தான். அவருடைய சூப்பில் பயறு இருந்தது. நான் வாங்கிய பொட்டலத்தில் அந்தப் பயற்றின் இடத்தைச் சோளமாவு பிடித்திருந்தது.

ஆகவே பொட்டலத்தை எறிந்துவிடச் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு வீடு வருகிறவரிடம் அப்படிச் சொல்வது இரக்கமற்ற செயல். மசாலாப்பொடி செய்யும் வேலையை மட்டும் அதற்குக் கொடுங்கள். சத்துக்கு இறைச்சியும் பருப்பும் வரட்டும். வேதாகமக் கல்லூரி விடுதியில் சமையல் முறை வரும்போதெல்லாம், கொஞ்சம் கறியைப் பல வயிறுகளுக்குப் பகிர்ந்த அனுபவம் எனக்குண்டு. அதை வைத்தே எழுதுகிறேன்.

ஆறு கிண்ணம் சூப்புக்குக் கால் கிலோ மாட்டுக் கொத்துக்கறி போதும். அரைத்து வைத்திருப்பதை வாங்காமல், துண்டைக் காட்டி உங்கள் கண்முன் அரைக்கச் சொல்லுங்கள். துண்டின் மேற்பரப்பில் மட்டும் இருந்த கிருமி, அரைக்கும்போது உள்ளெல்லாம் கலந்துவிடுகிறது. எனவே கொத்துக்கறியை வாங்கிய அன்றே சமைக்க வேண்டும். சிவப்பு சிறிதும் மிஞ்சாமல் வேகவைக்க வேண்டும். கூத்தாட்டுக்குளம் அருகே இடையாற்றில் இயங்கும் கேரள அரசு நிறுவனமான மீட் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா போன்றவற்றின் உறைந்த பொட்டலத்தை வாங்குவோர், காலையில் வேலைக்குப் போகுமுன் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே மேசைமேல் வைத்து இளக விடலாகாது.

அடுத்து, 100 கிராம் மைசூர்ப் பருப்பு. சாலைத் தெருவில் சில்லறையாகவே கிடைக்கும், ஊறவைக்கவும் தேவையில்லை. (ஏசா தன் சேஷ்டபுத்திரபாகத்தை விற்று வாங்கிய சிவப்பான கூழும் பயற்றங்கூழ்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்! அந்த விலை அதிகம். நமது சூப்பு மலிவு.) இரண்டு வெங்காயம், ஒரு தக்காளி, ஒரு கேரட், ஒரு உருளைக்கிழங்கு, சிறிது இஞ்சி பூண்டு இருந்தால் போதும்.

குக்கரைச் சூடாக்கி, கொத்துக்கறியை எண்ணெயின்றிப் போட்டு உதிர்த்துக் கிளறுங்கள். போத்திறைச்சியில் கொழுப்பு குறைவாதலால் ஒட்டினால் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விடலாம். முதலில் நீர் விடும். அது வற்றி, சடசடவென்று பொரிந்து, கறி பழுப்பாகும் வரை பொறுத்திருங்கள். பலர் இந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் பார்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். வதக்காத கொத்துக்கறி கட்டிகட்டியாய்த் திரண்டு, சூப்பில் வெந்த வாசனையோடு மிதக்கும். சூப்பின் மணமெல்லாம் அந்தப் பழுப்பில்தான் பிறக்கிறது. பின்பு வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, நறுக்கிய காய்கள், கழுவிய பருப்பு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர்; மூன்று விசில். ஆவி அடங்கியபின், ஒரு காய்கறிச் சூப்புப் பொட்டலத்தை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பொடியை நேரே சூட்டில் தூவினால் சோளமாவு முடிச்சாகிவிடும். அதுவரை உப்பு போடவே கூடாது. ருசி பார்த்த பின்னும் பெரும்பாலும் தேவைப்படாது. மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவுங்கள். நம் மிளகுத் தண்ணீர்தானே 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் மேசையில் முல்லிகட்டானி சூப்பாய் அமர்ந்தது!

இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிய மறவாதீர்கள். அந்தச் சிறு பெண்ணின் காரியம் இதில்தான் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் இந்திய அளவில் 67.1 விழுக்காட்டினருக்கும், முன்னேறிய மாநிலமான கேரளத்திலும் 39.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. இறைச்சியிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். பருப்பிலுள்ளதை அவ்வளவாக ஏற்காது. ஆனால் இறைச்சியும் எலுமிச்சையும் கூட இருந்தால் பருப்பின் இரும்பும் கூடுதலாகச் சேரும். குடித்தவுடன் தேநீர் அருந்தினால் அது தடைபடும். புரதமோ, கால் கிலோ கறியில் சுமார் 50 கிராமும், பருப்பில் சுமார் 24 கிராமும் கிடைக்கிறது. இதனால் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கோழிக் கொத்துக்கறியில் செய்யலாம். இரும்பு சற்றுக் குறையும். அறையெடுத்துத் தங்கியிருக்கும் தம்பிமாருக்கு நூடுல்ஸ்தான் கைவசம் என்றால், வெந்த கறியிலும் பருப்பிலும் ஒரு பொட்டலத்தை உடைத்துப் போட்டு, மசாலாவில் பாதியை மட்டும் சேர்க்கட்டும்.

ரொட்டிக்குப் பதிலாக அவித்த மரச்சீனிக்கிழங்கு இதற்கு நல்ல துணை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஏழைகளின் பசிக்கென்று ஊக்குவித்த பயிர் அது. தோலுரித்து, அவித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பரிமாறுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது ஞாயிறு பிற்பகலில் ஒரு பெரிய குக்கர் நிறையச் செய்து, ஆறியதும் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார். செவ்வாய் இரவுக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வேண்டிய அளவு மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும். மறுநாள் பருப்பு இறுகிவிடும். அரைத் தம்ளர் வெந்நீர் சேர்த்தால் சரியாகிவிடும்.