பூச்சிகளின் செவி இயங்கும் முறை

இருள் சூழும் வேளையிற் காய்கறித் தோட்டத்தின்மேற் சிறு வௌவால்கள் பறப்பதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். முட்டையிட வரும் அந்துப்பூச்சிகளை அவை பிடித்துத் தின்கின்றன. எனினும், அந்துக்கள் பல தப்பிவிடுகின்றன. அவற்றுக்குச் செவி உண்டு என்பதே இதற்குக் காரணமாகும்.

செவி அமைந்துள்ள இடம்

பூச்சிகளின் செவி பெரும்பாலும் தலையில் இருப்பதில்லை. வெட்டுக்கிளிக்கு அது வயிற்றின் முதற் கண்டத்தில் உள்ளது. சுவர்க்கோழிக்கு முன்னங்கால்களில் உள்ளது. வெட்டுப்புழு, காய்துளைப்பான் ஆகியவற்றின் தாயந்துகளுக்கு மார்பின் பின்பகுதியிலும், நெற் தண்டுதுளைப்பானின் அந்துக்கு வயிற்றின் முற்பகுதியிலும் செவிகள் காணப்படும்.

செவி இயங்கும் விதம்

ஒலி என்பது காற்றின் அதிர்வாகும். மேளத்தின் தோல்போல இழுத்துக் கட்டப்பட்ட மெல்லிய சவ்வொன்று பூச்சியின் செவியில் உண்டு. அதன் பின்புறத்திற் காற்று நிறைந்த பை இருப்பதால், சவ்வு தடையின்றி அதிரும். அதனோடு இணைந்த நரம்புக் கலங்கள் அவ்வதிர்வால் இழுபட்டு, மின்துடிப்புகளை நரம்பின் வழியே அனுப்புகின்றன. ஒலி உரக்குமளவுக்குத் துடிப்புகளும் பெருகும்.

வெட்டுப்புழுக் குடும்பத்து அந்துகளின் ஒவ்வொரு செவியிலும் ஒலியை உணரும் கலங்கள் இரண்டே உள்ளன. அமெரிக்க ஆராய்ச்சியாளரான கெனத் உரோடர், ஆசர் திரீற் ஆகியோர் இச்செவியின் தொழிற்பாட்டை ஆராய்ந்து 1957 இல் வெளியிட்டனர். இரண்டில் ஒரு கலம் மெல்லிய ஒலியையும் உணரும். மற்றையது உரத்த ஒலிக்கே துடிக்கும்.

மனிதர் செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்பர். சிறு வௌவால்கள் இரைதேட எழுப்பும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேற்பட்டது. அந்து அதனைக் கேட்கும். வௌவால் தொலைவில் இருப்பின், ஒலி குறைந்த பக்கமாகத் திரும்பி விலகும். அண்மையில் வந்துவிடின், சுழன்றோ இறகுகளை மடக்கியோ நிலத்தில் விழும்.

இதனைக் கமக்காரர் தாமே சோதித்துப் பார்க்கலாம். விளக்கொளியைச் சுற்றும் அந்துகளின் அருகே திறப்புக்கோவையைக் குலுக்குக. அவ்வோசையிலும் நம் செவிக்கெட்டாத அதிர்வுகள் கலந்திருப்பதால், சில அந்துகள் சட்டெனத் திசைமாறும் அல்லது கீழே விழும்.

செவிப்பறை இல்லாத பூச்சிகள்

ஆண் நுளம்பு, பெண் நுளம்பின் இறகோசையைத் தன் உணர்கொம்புகளால் அறியும். நெல்லைத் தாக்கும் கபிலநிறத் தத்தியோ, வயிற்றை அதிர்த்து நெற்தண்டின் வழியே தன் துணைக்குச் செய்தி அனுப்பும். இவ்வதிர்வு நம் செவிக்கு எட்டாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. பூச்சியுண்ணும் வௌவால்கள் நமக்கு நண்பர்கள். அவை தங்கும் மரப்பொந்துகளையும் குகைகளையும் அழித்தலோ, புகையிட்டு அவற்றைத் துரத்துதலோ ஆகாது. அவற்றைக் கையாற் தொடுதலும் கூடாது.

2. வௌவாலுக்குத் தப்பிய ஓர் அந்து நூற்றுக்கணக்கான முட்டைகளை இடக்கூடும். ஆகவே, வௌவால்களை மாத்திரம் நம்பியிராது, காலைதோறும் இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்வையிட்டு, முட்டைக் குவியல்களைக் கிள்ளி அழித்தல் வேண்டும். புழு வெளிவருமுன் செய்யும் இவ்வேலைக்குச் செலவில்லை, பயனோ பெரிது.