வண்ணத்துக்கு வட்டி எவ்வளவு?

"அம்மா, நான் அனிமேஷன் படிக்கப் போகிறேன்!"

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு உங்கள் பெண் இப்படிச் சொன்னால் என்ன செய்வீர்கள்? "பொம்மைப் படம் போட ஒரு பட்டமா?" என்று சிரித்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போகிறவர்கள் உண்டு. "குழந்தை ஆசைப்படுகிறாள்" என்று மறுநாளே கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லாமல், ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காரும் தாய்மாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான ஊர். கலைக்கு இங்கே பஞ்சமில்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தகப்பனாரிடமும் பெரியவர்களிடமும் பார்த்துப் பழகிக் கை தேறிய தொழில் அது. அங்கே அட்மிஷன் பீஸ் ஏது, செமஸ்டர் பீஸ் ஏது? தப்பாகச் செதுக்கினால் ஒரு மரத்துண்டு நஷ்டம், ஆசானிடம் இரண்டு வசவு, அவ்வளவுதான். இன்றைக்கோ கம்ப்யூட்டரில் போட்ட சித்திரத்தை அப்படியே மரத்தில் குடைந்து தள்ளும் சி.என்.சி. இயந்திரங்கள் வந்துவிட்டன. அந்தச் சித்திரத்தைப் போட ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஆகவே, "இந்தப் படிப்புக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்று தள்ளிவிடுவதற்கில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். தனியார் காலேஜ் ஒன்றில் நாலு வருஷப் படிப்பு. பீஸ், விடுதி, சாப்பாடு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 லட்சம். முழுவதும் பாங்க் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கிற நாலு வருஷமும், அதற்குப் பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் வட்டி தூங்குமா? அந்த ஐந்து வருஷத்தில் தனி வட்டியே 2 லட்சத்து 80 ஆயிரம் ஏறிவிடும். ஆக, கடன் 10 லட்சத்து 80 ஆயிரம். இதைப் பத்து வருஷத்தில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 14,270 ரூபாய். கடைசித் தவணை கட்டும்போது கூட்டிப் பார்த்தால் 17 லட்சத்துக்கு மேல் கொடுத்திருப்பீர்கள்!

வேலைக்குச் சேர்ந்ததும் கையில் 20 ஆயிரம் வருகிறது என்று வையுங்கள். தவணை போக மிச்சம் 5,730. பட்டணத்தில் பெண்கள் விடுதி வாடகைக்கே அது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். இன்னொரு விஷயம்: ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் என்றால் சாதாரணமாக வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ ஈடு கேட்பார்கள். பெண்ணுக்கு வேலை போனால், பின்னாலேயே வீடும் போகலாம்.

வேலை போகுமா என்று கேட்பீர்கள். பக்கத்துப் புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' ஞாபகம் இருக்கிறதா? அந்தப் புலியைக் கம்ப்யூட்டரில் உயிர்ப்பித்த 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' ஸ்தாபனம் 2013 பிப்ரவரியில் திவால் மனுப் போட்டது. அதே மாதத்தில் அந்தப் புலிக்கு ஆஸ்கார் பரிசு! 2025 பிப்ரவரியில் 'டெக்னிகலர்' நிறுவனம் சரிந்தபோது நம் பெங்களூர்க் கிளையிலும் ஏராளமானவர்கள் வேலை இழந்தார்கள். போதாக்குறைக்கு, சொன்னதும் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு வேறு வாசலில் வந்து நிற்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதே படிப்புக்கு மலிவான வழியும் இருக்கிறது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்கென்றே நாலு வருஷப் பட்டப்படிப்பு உண்டு. எழும்பூரில் 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. இடம் கிடைப்பது கஷ்டம். நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் கிடைத்துவிட்டால், வருஷத்துக்கு 50 ஆயிரம் கடனில் சமாளித்தால்கூடத் தவணை சுமார் 3,570 ரூபாய்தான். அந்த 20 ஆயிரம் சம்பளத்தில் அதைக் கட்டிவிட்டு மூச்சும் விடலாம்.

கல்வராயன் மலையில் கணக்கு வேறு விதம். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்திக்கு வரைய ஆசை வந்தால், பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை கேட்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளானால், 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நாலு வருஷத்தில் 48 ஆயிரம். ஆனாலும், அந்த நாலு வருஷம் அவள் சம்பாதித்து வீட்டுக்குக் கொடுத்திருக்கக்கூடிய கூலியை யார் கொடுப்பார்கள்? எந்தக் காலேஜ் விளம்பரத்திலும் இந்தச் செலவை நான் பார்த்ததில்லை.

கடன் வாங்குமுன் பெண்ணை ஆறு மாதம் 'பிளெண்டர்' என்ற மென்பொருளில் பழகச் சொல்லுங்கள். தம்பிடி செலவில்லை, இலவசம். 2025-ல் ஆஸ்கார் பெற்ற 'ஃப்ளோ' என்ற பூனைப் படம் இதில் செய்ததுதான். ஆறு மாதத்தில் அலுத்துவிட்டதென்றால் 8 லட்சம் மிச்சம்.

தனியார் காலேஜ்தான் என்று முடிவானால், "நூற்றுக்கு நூறு வேலை" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். போன வருஷம் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு எந்த நிறுவனத்தில் என்ன சம்பளம் என்று கேளுங்கள். கொடுப்பது ஸர்வகலாசாலைப் பட்டமா, வெறும் சான்றிதழா என்பதையும் கேளுங்கள். பழைய மாணவிகள் இரண்டு பேரிடம் நேரிலும் விசாரியுங்கள்.

பாங்கிலும் ஒன்று கேட்க வேண்டும்: படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வரலாமா என்று. முதல் வருஷம் அது மாதம் 1,667 ரூபாய்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கடைசியில் 6,667 வரை வரும். இப்படிக் கட்டி வந்தால், கடன் 8 லட்சத்தோடு நிற்கும். பின்னால் பெண் கட்ட வேண்டிய தவணை 14,270-லிருந்து 10,570 ஆக இறங்கிவிடும்.