பனியன் பெல்ட்டில் ‘ஹெம்ப்’ ஆசை: காங்கேயத்தில் சட்டப்படி பயிரிட முடியுமா? பிழைக்க முடியுமா?

குறைந்த தண்ணீர், நான்கே மாதத்தில் அறுவடை, ஏக்கருக்கு லட்சங்களில் லாபம், அரசே லைசென்ஸ் தருகிறது. ஹெம்ப் சாகுபடி பற்றி இப்படிப் பேசும் வீடியோக்கள் யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிக்கு இதைக் கேட்டதும் ஆசை வரத்தான் செய்யும். தென்னையை வெள்ளை ஈ படுத்துகிறது. கொறங்காடு மாட்டுக்குத்தான் ஆகும். பக்கத்திலேயே ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் இருக்கிறது. நாரை விளைவித்தால் பனியன் கம்பெனிகள் வாங்காதா என்ன?

ஹெம்பும் கஞ்சாவும் ஒரே செடிதான், ரகம் மட்டும் வேறு. போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத ரகங்களை ஹெம்ப் என்கிறார்கள். தமிழில் இதைச் ‘சணல்’ என்று எழுதிவிடுவதால் ஒரு குழப்பம் உண்டு. கோணிப்பை தைக்கும் சணல் வேறு செடி. வயலில் பசுந்தாள் உரத்துக்காக மடக்கி உழும் சணப்பு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அதன் ஆங்கிலப் பெயரில் ‘ஹெம்ப்’ ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பயறு வகை. சணப்பு விதைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

போதைப்பொருள்களுக்கான 1985-ம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டம் கஞ்சா செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. அனுமதியில்லாமல் வளர்த்தால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே சட்டத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. கஞ்சா செடி சாகுபடியை அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 10-வது பிரிவு மாநில அரசுகளுக்குத் தருகிறது. நார், விதை ஆகிய தொழில் தேவைகளுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் அனுமதிக்கலாம் என்கிறது 14-வது பிரிவு. 1961-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும் நாருக்கும் விதைக்கும் மட்டுமான சாகுபடியைத் தன் பிடியிலிருந்து விட்டுவிட்டது.

வீடியோக்களில் சொல்லாத விஷயம் இதுதான்: இந்திய சட்டத்தில் 0.3 சதவீதம் என்ற எல்லையே கிடையாது. அது அனுமதி தந்த மாநிலங்கள் தங்கள் விதியில் வைத்துக்கொண்ட அளவு. சட்டத்தின் பார்வையில் பூவோ காயோ பிடித்த நுனிப்பகுதிதான் ‘கஞ்சா’. தனியாகப் பிரித்த விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. வட மாநிலங்கள் சிலவற்றில் பாங்கு கடைகள் லைசென்ஸோடு நடப்பது அதனால்தான். ஆக, அனுமதி தராத மாநிலத்தில் ஒருவர் செடியை வளர்த்துவிட்டு, ‘என் செடியில் போதையே இல்லைங்க’ என்று லேப் ரிப்போர்ட் காட்டினாலும் வழக்கிலிருந்து தப்பிக்க முடியாது. தமிழ்நாடு அப்படிப்பட்ட மாநிலம்தான். ‘கஞ்சா வேட்டை’ என்றே பெயர் வைத்து போலீஸ் ஆபரேஷன் நடத்திய மாநிலம் இது.

அனுமதி கிடைத்த இடத்தில் என்ன நடந்தது?

ஹெம்புக்கு முதலில் கதவைத் திறந்தது உத்தராகண்ட். 2018-ல் 1,000 ஹெக்டேர் முன்னோட்டத் திட்டத்துக்கு லைசென்ஸ் தரப்பட்டது. அதைப் பெற்றது தனி விவசாயி அல்ல, ஒரு தொழில் அமைப்பு. அங்குள்ள மலைக் கிராமங்களில் இந்தச் செடி புதிதல்ல. நாரில் கயிறு திரிப்பார்கள், விதையை வறுத்துச் சட்னி அரைப்பார்கள். அப்படியிருந்தும் அறிவித்த வேகத்தில் சாகுபடி பரவவில்லை. உள்ளூர் விதையில் டி.எச்.சி. எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பது பெரிய சிக்கல். தாண்டினால் பயிரை அழிக்க வேண்டும். நட்டம் விவசாயிக்கு. இமாச்சலப் பிரதேசம் இன்னும் நிதானமாகப் போகிறது. 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி பல்கலைக்கழகங்கள் முன்னோட்ட ஆய்வு செய்ய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

அமெரிக்காவில் 2018-ல் ஹெம்ப் முழுக்கச் சட்டபூர்வமானது. சி.பி.டி. எண்ணெய்க்குக் கிராக்கி என்று அடுத்த ஆண்டே ஆளாளுக்கு நட்டார்கள். வாங்க ஆளில்லை, விலை சரிந்தது. அந்நாட்டு வேளாண் துறை கணக்கில் 2021-ல் 82.4 கோடி டாலராக இருந்த ஹெம்ப் விளைச்சலின் மதிப்பு, 2022-ல் 23.8 கோடி டாலராக விழுந்தது. ஒரே வருஷத்தில்.

கனடாவில் கதை வேறு. அங்கே 2018 முதல் போதை தரும் கஞ்சாவே சட்டபூர்வம். சிறு விவசாயிக்கென்று தனி லைசென்ஸும் உண்டு. அதில் அனுமதித்த பரப்பு 200 சதுர மீட்டர், நம்ம கணக்கில் வெறும் 5 சென்ட். 2025-ல்தான் அதை 800 சதுர மீட்டராக்கினார்கள். கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அது வரி. சந்தை விலை இறங்கினாலும் அந்த 1 டாலர் இறங்காது. சின்ன ஆட்கள் மூச்சுத் திணறுவது அங்கேதான்.

காங்கேயத்தில் வளருமா?

நாளைக்கே தமிழக அரசு அனுமதித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் சிக்கல் பகல் நேரம். ஹெம்ப் பகல் குறுகினால் பூக்கும் செடி. ஐரோப்பாவில் கோடையின் நீண்ட பகலில் அது ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து பிறகு பூக்கும். காங்கேயத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 45 நிமிடம்தான். குளிர்நாட்டு விதையை இங்கே போட்டால் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். தண்டு நீளாவிட்டால் நார் ஏது? வெப்பமண்டலத்துக்கான ரகம் வேண்டும், அதுவும் 0.3 சதவீதத்துக்குள்.

அடுத்தது மெஷின். ஹெம்ப் தண்டை அறுத்துவந்து பனியன் கம்பெனியில் போட முடியாது. தண்டை ஊறவைத்து நெகிழ்த்தி, நாரைப் பிரித்து, பிறகு பருத்தி இழை அளவுக்கு வெட்டி மென்மையாக்கினால்தான் நம்ம ஊர் நூற்பாலையில் ஓடும். தண்டின் எடையில் நீள நார் ஏறத்தாழ கால் பங்குதான். மீதி சக்கையை லாரியில் ஏற்றி தூரத்துக்கு அனுப்பினால் வாடகைக்கே காசு போய்விடும். ஆகவே, நார் பிரிக்கும் ஆலை பக்கத்தில் இருந்தாக வேண்டும். குட்டையில் ஊறவைத்தால் அந்தக் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வியும் வரும். ஒரத்துப்பாளையம் அணைக்குச் சாயக்கழிவு என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாற்று இழை கேட்கும் வெளிநாட்டு பிராண்டுகளுக்காக இங்கே ஓடும் ஹெம்ப்–பருத்தி கலப்பு நூலில் சீனாவின் கையே ஓங்கியிருக்கிறது. பல பத்தாண்டுகளாக இந்த ஆலைகளைக் கட்டிய நாடு அது. அந்த விலையோடு இரண்டு ஏக்கர்க்காரர் போட்டி போட வேண்டும்.

உண்மையில் காங்கேயத்துக்கு நாரைவிட விதை பொருந்தும். கொப்பரை ஆட்டும் எண்ணெய் ஆலைகளும் அந்தத் தொழில் தெரிந்த ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். ஹெம்ப் விதை, விதை எண்ணெய், மாவு ஆகியவற்றை உணவாக விற்க 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகள் வகுத்துவிட்டது. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் வரைதான் டி.எச்.சி. இருக்கலாம். ஆனால் விதை இருப்பது காய்பிடித்த நுனியில். சட்டம் ‘கஞ்சா’ என்று சொல்வதும் அதே நுனியைத்தான். மாநில விதி இல்லாமல் இந்த முடிச்சு அவிழாது.

முன்பணம் கேட்டால்?

2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி நிறுவனங்கள் கவிழ்ந்தது இந்தப் பக்கம் யாருக்கும் மறந்திருக்காது. குஞ்சை நாங்களே தருகிறோம், மாதப் பணம் தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். ஹெம்ப் ஒப்பந்த சாகுபடி என்று யாராவது விதைக்கும் பயிற்சிக்கும் முன்பணம் கேட்டால், முதலில் கேட்க வேண்டியது தமிழக அரசின் ஆணை எண். அடுத்து, நார் பிரிக்கும் ஆலை எந்த ஊரில் இருக்கிறது என்ற முகவரி. வேறு மாநிலத்தின் லைசென்ஸ் நகலை நீட்டினால் அது இங்கே செல்லாது.

நிலத்தைக் குத்தகைக்கு மட்டும் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வருபவர்களிடமும் உஷாராக இருக்க வேண்டும். தன் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சா செடி வளர்வது தெரிந்தால் உரிமையாளர் உடனே போலீசுக்கோ உரிய அதிகாரிக்கோ சொல்ல வேண்டும் என்கிறது 46-வது பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம்.