சர்வர் யார் கையில்?

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் கேம் பொதுவாக ஆடுபவரின் கருவிக்குள் முழுதாக நடப்பதில்லை. செல்போன் திரையில் தெரிவது அதன் ஒரு பிரதிதான். யார் எங்கே நிற்கிறார், எந்தக் குண்டு யார்மேல் பட்டது, யார் பையில் என்ன பொருள் இருக்கிறது என்ற கணக்கெல்லாம் வெகுதொலைவில், ஒரு சர்வரில் இருக்கிறது. சர்வர் சொல்வதே ஆட்டத்தின் தீர்ப்பு. அந்தச் சர்வர் யார் கையில் இருந்தது என்பதை வைத்தே இந்த விளையாட்டுகளின் வரலாற்றைச் சொல்லிவிடலாம். அவற்றின் எதிர்காலமும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே.

தொடக்கத்தில் அது ஒரு பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 1978இல் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். 1980இல் ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்தார். படமில்லை, ஒலியில்லை, வெறும் எழுத்து. வடக்கே போகச் சொல்லித் தட்டினால் அடுத்த இடத்தின் வருணனை திரையில் வரும். அங்கே நிற்கும் இன்னொருவருடன் பேசலாம், சண்டையும் போடலாம். பல்கலைக்கழகக் கணினிக்கு வேலை குறைந்த இரவு நேரங்களில் வெளியாட்களும் நுழைய அனுமதி கிடைத்தது. இப்படி வருவோரைக் கவனித்த பார்ட்டில், சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், பிறரை வீழ்த்த வருபவர் என நால்வகையாகப் பிரித்து 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். கேம் வடிவமைப்பாளர்கள் இன்றும் அந்தப் பாகுபாட்டிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

அடுத்த கட்டத்தில் சர்வர் ஆடுபவர்களின் கைக்கே வந்தது. இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993இல் 'டூம்', 1996இல் 'குவேக்' ஆகியவற்றை வெளியிட்டது. குவேக்கை வாங்கிய எவராலும் தம் கணினியையே சர்வராக்கி நண்பர்களை அழைக்க முடிந்தது. 1999இல் அதன் மூல நிரலையும் நிறுவனம் பொதுவில் வைத்தது. அதனால் அது ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்தும் ஆடப்படுகிறது. இந்தப் பெருந்தன்மைக்குக் கேம் உலகம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

தொலைவு என்ற சிக்கலும் அப்போதுதான் முழுதாகத் தலைதூக்கியது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கி.மீ. சென்னையில் ஒருவர் பொத்தானை அழுத்தினால், சிங்கப்பூர் சர்வரின் பதில் திரும்பி வர, இயற்பியல் விதிப்படியே குறைந்தது 32 மில்லி நொடி ஆகும். வழியிலுள்ள கருவிகளின் தாமதம் தனி. ஆட்டக்காரர்கள் 'பிங்' என்று சொல்லும் எண் இந்த மொத்தத் தாமதம்தான். அது 100ஐத் தாண்டும்போது துப்பாக்கிச் சண்டையில் கை கட்டப்பட்டதுபோல ஆகிவிடும்.

இந்தத் தாமதத்தை ஒழிக்க வழியில்லை, மறைக்கலாம். 1996 இறுதியில் வந்த 'குவேக்வேர்ல்டு' அதற்கு ஒரு வழி கண்டது. சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஆடுபவரின் கணினியே அடுத்த நகர்வைக் கணித்துக் காட்டிவிடும். பதில் வேறாக இருந்தால் திருத்திக்கொள்ளும். பின்னர் 'கவுன்டர் ஸ்ட்ரைக்' போன்றவை இன்னொன்றைச் சேர்த்தன. ஒருவர் சுட்டதும், அவர் திரையில் எதிராளி எங்கே தெரிந்தாரோ அந்தக் கணத்துக்குச் சர்வர் பின்னோக்கிப் போய், குறி சரியா என்று பார்க்கும். சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போனேன் என்று ஆட்டக்காரர்கள் புலம்புவது இதனால்தான். சுட்டவருக்கு நியாயம் செய்யும்போது சுடப்பட்டவருக்குக் கொஞ்சம் அநியாயம் நடந்தே தீரும்.

1997இல் 'அல்டிமா ஆன்லைன்', 1998இல் தென்கொரியாவின் 'லினியேஜ்', 2004இல் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்று அணையாத பெரும் உலகங்கள் வந்தபோது சர்வர் நிறுவனங்களின் கைக்குப் போனது. வார்கிராஃப்டுக்கு 2010இல் 1.2 கோடிச் சந்தாதாரர்கள் இருந்தனர். அங்கே 2005 செப்டம்பரில் நடந்தது ஒரு வியப்பு. ஓர் அரக்கனுடன் மோதும் இடத்துக்குள் மட்டும் பரவ வேண்டிய 'கெட்ட ரத்தம்' என்ற தொற்று, ஆட்டக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக வெளியே கசிந்து நகரங்களை அடைந்தது. சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள். சிலர் மற்றவர்களைக் குணப்படுத்த முயன்றார்கள். சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நிறுவனம் சர்வர்களை மீளத் தொடங்கித்தான் அதை அடக்க முடிந்தது. தொற்றுநோயின்போது மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்குச் சான்றாக அது 2007இல் மருத்துவ ஆய்விதழ்களில் இடம்பெற்றது.

பிறகு சந்தா போய் இலவசம் வந்தது. 2017இல் வந்த 'ஃபோர்ட்நைட்' போர்க்கள வடிவம் ஆடக் காசு கேட்பதில்லை; உடைகளையும் நடன அசைவுகளையும் விற்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்'களைப் பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்று அறிவித்தது. வெளியார் சர்வர் நடத்தினால் விற்பனையும் போகும், ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பதும் கடினம். எனவே பல நிறுவனங்கள் சர்வரை வெளியே விடுவதில்லை. அரசுகளுக்கும் இது வசதியே. 2021இல் சீனாவால் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் ஆடலாம் என்று வரையறுக்க முடிந்தது, எல்லாரும் நிறுவனங்களின் நுழைவாயில் வழியாகவே உள்ளே போக வேண்டியிருப்பதால்தான்.

வருங்காலம் என்றதும் லட்சம் பேர் ஒரே வெளியில் கூடும் காட்சியைப் பலர் வரைகிறார்கள். அதற்குக் கணக்கே முட்டுக்கட்டை. ஒருவரையொருவர் பார்க்கும் 100 பேர் இருந்தால் சர்வர் ஏறத்தாழ 10,000 தகவல்களைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். 1,000 பேர் என்றால் 10 லட்சம். ஐஸ்லாந்தின் 'ஈவ் ஆன்லைன்' பெரும் விண்வெளிப் போர்களைத் தாங்குவதற்காக ஆட்டத்தின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்துவிடுகிறது. 2020இல் ஃபோர்ட்நைட்டில் டிராவிஸ் ஸ்காட் இசை நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் 1.2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் சிறு சிறு குழுக்களாகத் தனித்தனிப் பிரதிகளில்தான் நின்றார்கள்.

இதைவிட அவசரமான கேள்வி, இருக்கும் உலகங்கள் நிலைக்குமா என்பது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த சோனியின் 'கான்கார்ட்' செப்டம்பர் 6 அன்றே மூடப்பட்டது; வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. 2014இல் வந்த யூபிசாஃப்டின் கார்ப் பந்தய விளையாட்டு 'தி க்ரூ' 2024 மார்ச் 31 அன்று அணைக்கப்பட்டது. தனியாக ஓட்ட நினைத்தவர்களுக்கும் அதோடு வழி அடைபட்டது. கேமையே தொலைவில் ஓட்டிக் காட்சியை மட்டும் அனுப்பிய கூகுளின் 'ஸ்டேடியா' மூன்று ஆண்டுகளில், 2023 ஜனவரியில், நின்றது. அத்தகைய சேவைகளில் ஆடுபவரிடம் பிரதிகூட இருப்பதில்லை.

காசு கொடுத்து வாங்கியது ஒருநாள் சொல்லாமல் செத்துப்போவது நியாயமில்லை. தி க்ரூ மூடப்பட்ட பின் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'கேம்களைக் கொல்லாதீர்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளித்த அதன் மனு, தேவையான 10 லட்சம் கையெழுத்துகளை 2025இல் தாண்டியது. கலிஃபோர்னியா ஏற்கெனவே ஒரு சட்டம் இயற்றிவிட்டது. டிஜிட்டல் கடைகள் விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. சொல்லிவிட்டு அணைக்கலாம் என்பதால் அது பாதித் தீர்வுதான்.

மூடிய பின்னும் ஆட வழிவிட வேண்டும் என்று இயக்கம் கேட்கிறது. ஆனால் சர்வர் நிரலில் பிறருக்கு உரிமையான பகுதிகள் கலந்திருக்கும், ரசிகர்கள் நடத்தும் சர்வர்களில் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று நிறுவனங்கள் கேட்கின்றன. பழைய கேம்களுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். இயக்கம் கேட்பதோ இனி வருபவற்றுக்கு. முடிவை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதினால் செலவு குறையும் என்பது அதன் வாதம். முன்னுதாரணமும் இருக்கிறது. 2012இல் மூடப்பட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' விளையாட்டை 'ஹோம்கமிங்' என்ற ரசிகர் குழு தானாகவே நடத்திவந்தது. 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே அவர்களுக்கு முறையான உரிமம் வழங்கியது.