அயர்லாந்தின் 7 வெற்றிகள்

ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் அயர்லாந்து 7 முறை வென்றிருக்கிறது. 1970இல் முதல் வெற்றியைத் தந்தவர் டானா என்ற பள்ளி மாணவி. 1980, 1987 இரண்டிலும் வாகை சூடியவர் ஜானி லோகன். 1992இல் லிண்டா மார்ட்டின் பாடி வென்றாரே, அந்தப் பாட்டை எழுதியவரும் லோகன்தான்! 1993, 1994லும் அயர்லாந்துக்கே முதலிடம். வென்ற நாடு அடுத்த போட்டியை நடத்துவது வழக்கம். 1993இல் மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூரின் குதிரையேற்ற அரங்கில் நடத்தினார்கள். மறு ஆண்டு டப்ளினில் இடைவேளையை நிரப்ப வந்த ரிவர்டான்ஸ் நடனமோ உலகையே சுற்றியது. கடைசி வெற்றி 1996இல். 2008இல் ஒரு வான்கோழிப் பொம்மையைக்கூடப் பாட அனுப்பிப் பார்த்தார்கள். அரையிறுதியோடு சரி. 2023இல் ஸ்வீடனும் 7 வெற்றிகளை எட்டிவிட்டது.